இளம்பூதியின் வீடு

தகப்பனாரின் திதியன்றோ, குழந்தையின் பிறந்தநாளன்றோ, நகரத்தில் உள்ள ஏதாவதொரு 'ஹோமு'க்குச் சென்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருவது நம்முடைய நடுத்தரக் குடும்பங்களில் இந்நாளில் ஒரு சம்பிரதாயமாகவே நிலைபெற்றுவிட்டது. வடை பாயசத்தோடு இலை போடப்படுகிறது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, தங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒருவருடைய க்ஷேமத்துக்காகக் கண்களை மூடிப் பிரார்த்தனை செய்கிறார்கள். அதன் பிறகே முதல் கவளம். இவ்வழக்கத்தைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. பசித்த வயிற்றுக்கு வரும் சோறு எந்த எண்ணத்தோடு வந்தாலும் சோறுதான். ஆயினும், அப்பந்தியை நடத்துகிறவருக்கும் அதில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் இடையே நிகழ்வது யாதென்று சற்றே தர்ம விசாரணை செய்யப் புகுந்தால், எளிதில் விடை கிடைக்காத ஒரு கேள்வி எழுகிறது. புண்ணியம் தேடுகிறவனுக்கு அந்தப் பிள்ளை ஒரு சாதனம் மாத்திரந்தானா? அல்லது, ஊராரைப் பார்த்து உரிமையோடு கேட்கத்தக்க கடன் ஏதேனும் அதற்கு உண்டா? உண்டெனில், அக்கடன் சோற்றோடு தீர்ந்துவிடுகிறதா?

இவ்விசாரணையின் வாசலிலேயே வழிமறித்து நிற்பது கர்ம சித்தாந்தம். அச்சித்தாந்தத்தின் உண்மையான ஆழத்தைச் சொல்லவில்லை. திண்ணைகளில் வெற்றிலை மென்றபடி பேசப்படும் அதன் மலிவான பிரதியைச் சொல்கிறேன். தாயையும் தகப்பனையும் இழந்து தெருவில் நிற்கும் குழந்தை முற்பிறவியில் செய்ததை இப்பிறவியில் அனுபவிக்கிறது, ஈசுவர நியதியில் குறுக்கிட நாம் யார் என்பது அவ்வாதம். இராமலிங்க சுவாமிகள் தமது 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் வசன நூலில் இந்த ஆட்சேபத்தைத் தாமே எடுத்துக்கொண்டு விடை கூறியிருக்கிறார். தன் ஆணையை மீறிக் கொடுங்குற்றம் புரிந்தவனைக் காலில் விலங்கிட்டுச் சிறையில் அடைக்கும் அரசனும் தன் ஏவலாளரைக் கொண்டு அவனுக்கு ஆகாரம் கொடுப்பிக்கிறான் அன்றோ என்பது அவர் எடுத்துக்காட்டும் நியாயம். தண்டனை விதித்தவனே உணவையும் விதித்திருக்கும்போது, உணவிடுகிறவன் அரசாணைக்கு விரோதியாவது எங்ஙனம்? இதனோடு ஒன்று கூட்டிச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தையின் பழவினையை அவ்வளவு துல்லியமாகக் கணக்கிடத் தெரிந்தவர்கள், அக்குழந்தையைக் கண்டும் காணாதவர்போல் அவ்வழியே கடந்துபோகும் கணத்தில் தமக்கெனச் சேர்ந்துகொண்டிருக்கும் புதுவினையைக் கணக்கிடுவதே இல்லை.

1867ஆம் ஆண்டில் வடலூரில் சுவாமிகள் நிறுவிய சத்திய தருமசாலையின் அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து வருவது யாவரும் அறிந்ததே. ஆனால் அவருடைய இளமைச் சரித்திரத்தில் அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஒரு பகுதி உண்டு. மருதூரில் 1823இல் பிறந்த அவர், கைக்குழந்தையாக இருக்கையிலேயே தந்தையை இழந்தார். சென்னையில் தமையனார் சபாபதியின் வீட்டில் வளர்ந்தார். படிப்பில் நாட்டமில்லாத தம்பியின்மீது கோபங்கொண்ட தமையனார் அவரை வீட்டில் சேர்க்கலாகாதென்று கட்டளையிட்டபோதும், அண்ணியார் கணவருக்குத் தெரியாமல் அழைத்து அன்னமிட்டு ஆதரித்தார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். பிற்காலத்தில் தருமசாலையில் உண்ட எண்ணற்ற வயிறுகளுக்கெல்லாம் மூலமாக அந்த ஒரு தட்டுச் சோற்றைக் கருதுவது மிகையாகலாம். எனினும், 'சாப்பிட வா' என்று பெயர் சொல்லி அழைக்க அங்கே ஒருத்தி இருந்தாள் என்பதை மறப்பதற்கில்லை.

சோறு ஒன்று, அழைக்கும் குரல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் வெவ்வேறு என்பதைத் தமிழில் மிகக் கூர்மையாக உணர்ந்து பாடியவர் மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் என்பது என் அபிப்பிராயம். அமுதசுரபி என்றவுடன் மணிமேகலையை நினைக்கிறோம். அப்பாத்திரத்தை அவளுக்கு முன்னே கையில் ஏந்தியவன் பெற்றவளால் கைவிடப்பட்ட ஒரு பிள்ளை என்பதை நினைப்பவர் சிலரே.

வாரணாசியில் அபஞ்சிகன் என்னும் அந்தணனின் மனைவி சாலி, நெறி பிறழ்ந்து, அதன் கழுவாயாகக் குமரியாட வரும் வழியில் ஓரிரவு ஒரு மகவை ஈன்று, இரக்கமின்றி அங்கேயே விட்டுப் போனாள். அழுத குழந்தையைப் பசு ஒன்று நக்கிக்கொடுத்து ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. அவ்வழியே வந்த வயனங்கோட்டு மறையவனாகிய இளம்பூதி, குழந்தையைக் கண்டு, இவன் பசுவின் மகனல்லன், என் மகனே என்று மனைவியோடு மகிழ்ந்தெடுத்துச் சென்று, வளர்த்து, கற்பிக்க வேண்டியவற்றைக் கற்பித்தான். இதுவரையில் கதை மங்களகரமாகவே நடக்கிறது. ஆனால் பிள்ளை வளர்ந்தபின் ஒருநாள், வேள்விக்கென்று கட்டப்பட்டிருந்த பசுவொன்றின் நடுக்கத்தைக் காணச் சகியாமல் இரவோடிரவாக அதனை ஓட்டிச் சென்று, பிடிபட்டு, அடிபடுகிறான். வாக்குவாதம் முற்றுகிறது, சாலியின் கதையை அறிந்த ஒருவன் அதைச் சபையில் போட்டு உடைக்கிறான். அந்தக் கணத்தில் இளம்பூதி என்ன செய்தான்? என் மகன் என்று உவந்தெடுத்த அதே மனிதன் அவனைத் தன் வீட்டைவிட்டுத் துரத்தினான். பிச்சைக்குச் சென்ற அந்தணர் ஊர்களில் அவனுடைய ஓட்டில் கல்லைப் போட்டார்கள்.

இளம்பூதியைக் கொடியவன் என்று நான் சொல்லமாட்டேன். வழியில் கிடந்த குழந்தையை எடுத்தவன் அவன். எடுக்காமல் போனவர்கள் அன்றிரவு எத்தனை பேரோ, கதை அவர்களைப் பற்றிப் பேசவில்லை. அவனுடைய இரக்கம் உண்மையானது. அந்த இரக்கத்துக்கு அடியில் எழுதப்படாத ஒரு நிபந்தனை இருந்தது என்பதுதான் துன்பம். பிள்ளை நல்லவனாக, நன்றியுள்ளவனாக, குலத்துக்கு இழுக்கில்லாதவனாக இருக்கும்வரையில் அவன் மகன். அந்த எல்லையைத் தாண்டினால் யாரோ. பெற்ற பிள்ளைக்கு நாம் இப்படி ஒரு நிபந்தனை வைப்பதில்லை. வைத்தாலும் அதை நிறைவேற்றும் மனத்துணிவு வருவதில்லை. திட்டியபின் தட்டில் சோறு போட்டு வைக்கிறோம். தர்மத்தினால் வளர்க்கப்படும் பிள்ளையோ ஒவ்வொரு நாளும் தகுதியை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

துரத்தப்பட்ட அப்பிள்ளையாகிய ஆபுத்திரன் மதுரைக்குச் சென்று சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தில் தங்கி, வீடுதோறும் இரந்து வந்ததைக் குருடர், செவிடர், முடவர், பேணுவார் அற்றோர், பிணியாளர் ஆகியோர்க்கெல்லாம் முதலில் ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலையணையாக வைத்து உறங்கினான். மழை பெய்த ஒரு நள்ளிரவில் பசித்து வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமின்றி அவன் கலங்கியபோதுதான் தேவி அமுதசுரபியை அவன் கையில் தந்தாள். பின்னர் நிகழ்வதே விசித்திரம். அவனிடம் வரம் கொடுக்க வந்து அவமானப்பட்ட இந்திரன், பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த பாண்டி நாட்டில் மழையைப் பொழிவித்து, பசியென்பதே இல்லாமற் செய்துவிடுகிறான். அள்ளக் குறையாத பாத்திரம் கையில் இருக்க, வாங்க ஒருவரும் இல்லை. அம்பலம் வீணர்களின் கூடாரமாயிற்று. பசித்தவர்களைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறியவன், மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டு, கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான்.

இக்கட்டத்தைப் படிக்கிறவர்கள் வழக்கமாக இந்திரனைப் பழிப்பார்கள். அவனுடைய உள்நோக்கம் பொறாமையே என்பதில் ஐயமில்லை. என்றாலும், நாடு முழுவதும் பசியாறியதற்காக ஒருவன் துயரப்பட நேர்ந்தது தர்மத்தில் எங்கோ ஒரு முடிச்சு விழுந்திருப்பதைக் காட்டவில்லையா? இந்த முடிச்சு ஆபுத்திரனுடைய குற்றத்தால் விழுந்ததன்று. மகன் என்ற ஸ்தானத்தை இழந்தவனுக்கு, கொடுப்பவன் என்ற ஸ்தானம் ஒன்றுதான் உலகத்தில் நிற்க இடமாக எஞ்சியது; அதுவும் போனபோது அவனுக்கு இருப்பதற்கே காரணமில்லாமல் போயிற்று. அமுதசுரபி எவர் பசியையும் தீர்த்தது. அதை ஏந்தியவனுக்கு ஒரு வீட்டைத் தர அதனால் முடியவில்லை.

சாத்தனார் அவனை அவ்வாறே விட்டுவிடவும் இல்லை. மறுபிறவியில் சாவக நாட்டில் மண்முக முனிவனிடமிருந்து, பிள்ளையில்லாத பூமிசந்திரன் என்னும் அரசன் அவனைப் பெற்று வளர்க்கிறான், அவனே புண்ணியராசன். இப்பிறவியிலும் அவன் பிறப்பின் இரகசியம் ஒருநாள் வெளிப்படுகிறது. வளர்த்த தாயாகிய அமரசுந்தரியின் வாயால் அதை அறிந்து மனம் வெறுத்து அவன் துறவுக்குத் துணிகையில், சனமித்திரன் என்னும் அமைச்சன், நீ நீங்கினால் இந்நாடு தாங்காது என்று மன்றாடித் தடுக்கிறான். முன்பு பிறப்பு தெரிந்தவுடன் கதவு சாத்தப்பட்டது. இப்போது பிறப்பு தெரிந்தபின்னும், போகாதே என்று ஒரு குரல் தடுக்கிறது. பௌத்த தர்மத்தை விளக்க வந்த காப்பியத்தில், பற்றறுப்பதை உபதேசிக்கும் கவி, ஒரு பிள்ளைக்கு இப்படியொரு பற்று கிடைக்க வேண்டுமென்று இரண்டு பிறவிகள் காத்திருந்திருக்கிறார்!

பிற சமயங்களையும் இவ்விடத்தில் சிறிது நோக்கலாம். நபிகள் நாயகம் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர். ஆறு வயதில் தாயையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்து, பெரிய தந்தை அபூதாலிபின் வீட்டில் வளர்ந்தவர். குர்ஆன் அநாதைகளின் சொத்தை அவர்களுக்கே சேர்ப்பிக்க வேண்டியதைப் பற்றி அவ்வளவு கண்டிப்பாகப் பேசுவதையும், அநாதையை விரட்டுகிறவனைச் சமயத்தையே பொய்ப்பிக்கிறவனோடு சேர்த்து வைப்பதையும் இப்பின்னணியில் படித்தால் அதன் வேகம் விளங்கும். அம்மார்க்கத்தில் பிறர் பிள்ளையை வளர்க்கிறவர் அதன் சொந்தத் தகப்பன் பெயரை மாற்றலாகாது. பிள்ளையின் பூர்வ சரித்திரத்தை அழித்துவிட்டுத்தான் அன்பு செலுத்த முடியும் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. யூதர்களின் வேதமோ, அறுவடையின்போது வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் பரதேசிக்கும் உரியது என்று விதிக்கிறது. கொடுப்பவனுடைய முகத்தை வாங்குகிறவன் பார்க்க வேண்டியதில்லாத தர்மம் அது. பிரார்த்தனைப் பாட்டும் புகைப்படமும் அதற்கு வேண்டாம்.

இனி நம் நாட்டு நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 1920ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சென்னைச் சிறார் சட்டம் இந்தியாவிலேயே இவ்வகையில் முதலாவது. பிள்ளைகளைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரித்தெடுத்த மட்டில் அது, காப்பியத்தில் மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியதற்குச் சட்டப் புத்தகத்தில் தோன்றிய ஒரு நிழல். ஆனால் திருடிய பிள்ளையையும் தெருவில் நின்ற பிள்ளையையும் ஒரே சட்டத்தின் கீழ் வைத்தது அது. ஆதரவின்மையும் ஒரு குற்றமோ என்று மயங்கும் மனப்பான்மை நம் அதிகார வர்க்கத்தில் நெடுங்காலம் நீடித்தது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய ஔவை இல்லத்தின் கதை இளம்பூதியின் கதைக்கு நேர் மறுதலை. தேவதாசி முறையை ஒழிக்க அவர் சட்டசபையில் போராடிக்கொண்டிருந்த காலத்தில், அவ்வாழ்வை வேண்டாமென்று உதறிவிட்டு வந்த இளம்பெண்களை நகரத்து விடுதிகள் பிறப்பைக் காரணங்காட்டிச் சேர்க்க மறுத்தன. சமூக சீர்திருத்தத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது ஒன்று; இரவில் வாசலில் வந்து நிற்கும் பெண்ணுக்குப் பாய் விரிப்பது வேறொன்று. அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களை ஏற்றார். அதுவே இல்லமாக வளர்ந்தது. அவருடைய தாயார் சந்திரம்மாளும் அக்குலத்தில் பிறந்தவரே என்பதால் அந்தக் கதவுகள் சாத்தப்படும் ஓசை அவருக்கு நன்கு பழக்கம். இல்லத்துக்கு ஔவையின் பெயர் இட்டதும் பொருத்தமே. ஆதி, பகவன் என்ற தம்பதியர் ஊர் ஊராகச் செல்கையில் பெற்ற ஏழு குழந்தைகளையும் பிறந்த இடத்திலேயே விட்டுச் சென்றார்கள், அவர்களில் ஒருத்தி ஔவை, ஒருவர் வள்ளுவர், ஊரார் எடுத்து வளர்த்தார்கள் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை வழங்குகிறது. சரித்திர ஆராய்ச்சியில் அக்கதை நில்லாது. ஆயினும், தங்களுடைய மூதாட்டியையும் மறை தந்த புலவரையும் கைவிடப்பட்ட பிள்ளைகளாகவே கற்பனை செய்துகொண்ட ஒரு ஜனசமூகம், தன் தெருவில் நிற்கும் பிள்ளையை யாரோ என்று பார்ப்பதற்கு நியாயம் ஏது?

தற்காலத்தில் 'அநாதை இல்லம்' என்ற பலகை தொங்கும் இடங்களுக்குள் சென்று விசாரித்தால், அங்குள்ள பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது தெரியவரும். கணவனை இழந்தவள், இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவள், மூன்று வேளைச் சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்குமே என்று பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுச் செல்கிறாள். மாதம் ஒருமுறை பார்க்க வருகிறாள். வறுமையொன்றே அப்பிள்ளையை அநாதையாக்கியிருக்கிறது. நாம் அந்த வறுமைக்கு மருந்து தராமல், தாயிடமிருந்து பிரிந்து வந்தால்தான் உணவு என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். இதைக் காட்டிலும் விபரீதமான அன்னதானத்தை நான் அறியேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஸ்தாபனத்தில் சேர்ப்பது கடைசி உபாயமாகவே இருக்க வேண்டுமென்று தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகச் சொல்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் இத்தகைய பிள்ளை வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அத்தாய்க்கு இது தெரிவதில்லை. தெரிந்தாலும், தாசில்தார் அலுவலகத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் சான்றிதழ்களோடு அலைய அவளுக்கு ஒருநாள் கூலியை இழக்க முடிவதில்லை. பிறந்தநாள் விருந்துக்குச் செலவிடும் அன்பர் அந்த ஒரு நாளை அவளோடு வரிசையில் நிற்பதற்குச் செலவிட்டால் என்ன?

2004ஆம் ஆண்டுக் கடல்கோளுக்குப் பின் நாகப்பட்டினக் கரையில் இதன் இரு பக்கங்களும் தெரிந்தன. அரசு அவசர அவசரமாகத் தத்துக்கொடுப்பதைத் தடுத்து, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கென அங்கேயே ஒரு காப்பகம் திறந்தது. அதே சமயம் மீனவக் கிராமங்களில் பல பிள்ளைகளைப் பாட்டிகளும் மாமன்களும் சித்தப்பன்மார்களும் கேள்வி கேட்காமல் தம் குடிசைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். இவர்களைக் குறித்து எந்த ஸ்தாபனமும் ஆண்டறிக்கை வெளியிடவில்லை. உறவினர் வீடென்றால் எல்லாம் இனிது என்று நான் மயங்கவுமில்லை. அத்தை வீட்டில் வேலைக்காரியாக வளர்ந்த பெண்களின் கதை நம் குடும்பங்களில் எத்தனை! அந்தக் குடிசைக்கு அரிசியும், அந்தப் பிள்ளையை அடிக்கடி வந்து பார்க்கிற கண்ணும் இரண்டும் வேண்டியிருக்கின்றன. சமையலுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே போட்டு வைக்கச் சொன்னார் காஞ்சிப் பெரியவர்; நம் கிறிஸ்தவ சபைகளிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. அரிசி சேர்கிறது. கண்தான் போதவில்லை.

சென்ட்ரல், எழும்பூர் ரயில் நிலையங்களில் தனியே வந்து இறங்குகிற பிள்ளையின் விஷயம் இதனினும் சிக்கலானது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை யாரேனும் அழைக்க, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தி, முகவரி கண்டுபிடித்து, ஊருக்கு அனுப்பி வைப்பது முறை. பெரும்பாலும் அதுவே சரி. ஆனால் குடித்துவிட்டு அடிக்கிற தகப்பனிடமிருந்து தப்பி வந்தவனை அதே தகப்பன் கையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவதைப் புனர்வாழ்வு என்று சொல்லலாகாது. அந்தப் பிள்ளைக்கு இல்லமே வீடு. நன்றாக நடக்கிற இல்லங்களை நான் குறை கூறவரவில்லை. தெருவிலேயே தாயோடு குடியிருக்கும் பிள்ளையோ மூன்றாவது வகை. அப்பிள்ளைக்கு வேண்டியது நடைபாதைக்கு அருகே மாலையில் நடக்கும் ஒரு பள்ளியும், இரவில் பாதுகாப்பாகப் படுக்க ஓரிடமும்.

எந்த வகையாயினும், பதினெட்டு வயது நிறைகிற நாள் ஒன்று வருகிறது. அன்றோடு சட்டப்படி அவன் பிள்ளையல்லன்; பின்பராமரிப்பென்று இருபத்தொரு வயதுவரை சில உதவிகளுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தில் இடமுண்டு. கையில் ஒரு பெட்டியும் பள்ளிச் சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறோம். வாடகைக்கு அறை கேட்டால், உன் பெரியவர்கள் யார் என்கிறார்கள். வேலைக்கு மனுப் போட்டால் ஜாமீன் கேட்கிறார்கள். பெண் பார்க்கப் போனால் எந்த ஊர், யார் பிள்ளை என்று விசாரிக்கிறார்கள். காய்ச்சலில் படுத்தவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க, கூட வந்தவர் யாரென்று கேட்கிறார்கள். இக்கேள்விகளுக்கு அமுதசுரபியும் விடை சொல்லாது. ஒவ்வொரு ஊரிலும் கோயில் தர்மகர்த்தாக்களும், பள்ளிவாசல் ஜமாஅத்தும், சபை மூப்பர்களும், தெரு சங்கத்தாரும் இருக்கிறார்கள். தங்கள் வட்டாரத்து இல்லங்களிலிருந்து இவ்வாண்டு வெளியேறப்போகும் பிள்ளைகள் யார் யாரென்று அவர்கள் போய்க் கேட்கட்டும். இந்தப் பையனுக்கு வீட்டுக்காரரிடம் நான் கையெழுத்திடுகிறேன், இந்தப் பெண்ணுக்குத் தீபாவளிக்கோ பெருநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ என் வீட்டில் இலை உண்டு, கல்யாணப் பேச்சுக்கு நானும் என் மனைவியும் வந்து உட்காருகிறோம் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குடும்பத்தின் பெயர் எழுதப்படட்டும். அப்பிள்ளை நாளைக்கு வேலையை விட்டுவிட்டான், கடன் வாங்கினான், நமக்குப் பிடிக்காத பெண்ணை மணந்தான் என்று கேள்விப்படும்போது அந்தப் பெயரை அடிக்காமல் விட்டு வைக்க வேண்டும். இளம்பூதியால் முடியாமற்போனது அதுவே.